கோணி ஊசியால் வைத்த சூடு

திண்டுக்கல் வெங்காய மண்டியில் ஏலம் கூறும் பெருமாள்சாமிக்கு வாய்தான் சொத்து. மைக் கிடையாது, மேடை கிடையாது. மூட்டைமேல் ஏறி நின்று ஒரு குரல் விட்டாரென்றால் வேடசந்தூரிலிருந்து வந்த வண்டிமாடுகூடத் தலையைத் தூக்கும். அதில் அவருக்குக் கொஞ்சம் ஆணவமும் உண்டு. இருக்கட்டும், அந்தக் குரலுக்கு அது தகும்.

1964 கோடையில் அவருடைய மேலண்ணத்தில் ஒரு கொப்புளம் கிளம்பியது. வலி இல்லை, கூவும்போது நாக்கில் தட்டியது, அவ்வளவுதான். சும்மா விட்டிருந்தால் தானே உடைந்திருக்கும். இவருக்கு அவசரம். அந்தப் பக்கத்தில் கட்டி என்றால் சூடு. மாட்டுக்கும் அதுதான், மனுஷனுக்கும் அதுதான். சாக்குத் தைக்கிற கோணி ஊசியைப் பழுக்கக் காய்ச்சி மனைவி கருப்பம்மாள் கையில் கொடுத்தார். "ஆழமா வையி புள்ள, நான் அசைய மாட்டேன்" என்று வாயைத் திறந்தார். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு வைத்தாள்.

கொப்புளம் போனது. அந்த இடத்தில் குழிப்புண் வந்தது. வாரக்கணக்கில் ஆறாமல் போகவே மதுரைக்குப் பஸ் ஏறினார்கள்.

அங்கே பெரியாஸ்பத்திரி டாக்டர் அருள்நாதன் கெட்டிக்காரர், அதோடு மகா கோபக்காரர். இவர்களுக்கு முன்னால் நின்ற ஒரு தாயை, பிள்ளை வயிற்றில் சூடு வைத்ததற்காக, "உன்னைப் போலீஸ்ல பிடிச்சுக் கொடுக்கணும்" என்று கத்திக்கொண்டிருந்தார். அதே வேகத்தில் இவர்கள் பக்கம் திரும்பி, "நீங்க என்ன வச்சீங்க? திராவகமா, சூடா?" என்றார். கருப்பம்மாள் வாயெடுக்கும் முன் பெருமாள்சாமி அவள் கையை அழுத்தினார்.

"ஒண்ணும் வைக்கலங்கய்யா. தானா வந்துச்சு."

பொண்டாட்டியைக் காப்பாற்றிவிட்ட பெருமிதம் அவருக்கு.

புண்ணிலிருந்து சிறு துண்டு வெட்டிச் சோதித்தார்கள். முடிவு வந்ததும் டாக்டர் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். "அண்ணத்துக்குள்ள சின்னச் சின்ன எச்சில் சுரப்பி இருக்கு. அதுல இருக்கிற செல்லு வளர்ந்ததும் ஆளுக்கொரு வேலை எடுத்துக்கும். சிலது எச்சில் ஊறவைக்கும், சிலது குழாய்க்குச் சுவரா நிக்கும். உங்களுக்கு அந்தக் குழாய்க்குள்ள எல்லாம் தோல் மாதிரி தட்டையான செல்லு அடைச்சு நிக்குது. புத்துநோய்தான். ஆனா சாதுவான வகை. இப்பவே அண்ணத்துல பாதியை எடுத்துட்டா உயிருக்குப் பயமில்ல."

"பேச்சு?" என்றார் பெருமாள்சாமி.

"மூக்கால வரும். ஏலமெல்லாம் கூற முடியாது."

அன்று சாயங்காலம் வராந்தாவில் கருப்பம்மாள் கெஞ்சினாள். "சூடு வச்சதைச் சொல்லிப்புடுவோங்க. மனசு கெடந்து அடிச்சுக்குது."

"புத்துன்னு ஆனப்பெறகு அதைச் சொல்லி என்னத்துக்கு? ஒன்னையத்தான் கேவலமாப் பேசுவாரு. பேசாம இரு."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் வயிறு எரிவது அதனால்தான்.

ஆபரேஷன் முடிந்து, புண் ஆறுகிற சமயம் டாக்டர் வந்தார். முகம் பேயறைந்தது போல இருந்தது. "வெட்டி எடுத்த சதை முழுசையும் ஓரம் ஓரமாப் பார்த்தாச்சு. எந்தச் செல்லும் அந்தக் குழாயைத் தாண்டி வெளியே பரவல. புத்துநோய் இல்ல. சதை வெந்து ஆறும்போதும் செல்லு இப்படி மாறும்போல, எங்களுக்கே இது புதுசு. நிசத்தைச் சொல்லும்மா, சூடு வச்சீங்களா?"

கருப்பம்மாள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். டாக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. "கேக்குற விதமா நான் கேட்டிருந்தா நீங்க சொல்லியிருப்பீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலைகுனிந்து நின்றார்.

பெருமாள்சாமி ஏதோ சொல்ல முயன்றார். காற்றெல்லாம் மூக்கு வழியே போனது. ஒரு சொல்லும் விளங்கவில்லை. இன்னொரு தரம் முயன்றார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

பக்கத்துக் கட்டில்காரருக்கு நிஜமாகவே புத்து. அவர் மனைவி, சின்னாளப்பட்டி சண்முகவள்ளி, ஓடிவந்து கருப்பம்மாளைக் கட்டிக்கொண்டாள். "புத்து இல்லையாமே! ஓந் தாலி தப்பிச்சிருச்சுத்தா. குடுத்து வச்சவ நீயி."

கருப்பம்மாள் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக் கதறினாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, அந்த வார்டே அவளைப் பார்த்துச் சிரித்தது.