அக்கரையில் கொளஞ்சி

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து பார்த்தால், என் பெண்டாட்டி ஏரியைத் தாண்டியிருந்தாள்.

"எப்டி தாண்டுன?" என்றேன். குரல் எனக்கே நன்றாக இல்லை.

"நடந்துதான் மாமா" என்றாள் ஸ்ரீமதி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நடந்தாளாம்! இரண்டு வருஷமாக அந்த ஏரியில் நான் நீந்தி நீந்திச் செத்துக்கொண்டிருக்கிறேன். வானத்தில் இரண்டு நிலா, கீழே நாலு ராஜ்ஜியம், நடுவில் இந்தப் பாழாய்ப்போன ஏரி. பாதி தூரம் போனதும் அடியிலிருந்து மூன்று தலையோடு ஒன்று வந்து விழுங்கும். யூனிவர்சிட்டியில் இன்ஜினியரிங் படிக்கிற ஹரிஷ்தான் 2008இல் அந்த விளையாட்டின் சிடியைக் கொண்டுவந்தான். சிதம்பரம் மேலவீதியில், மாடியில் எட்டு கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். ஹால் டிக்கெட், ரயில் டிக்கெட், ரிசல்ட் எல்லாம் எடுத்துக் கொடுப்பேன். ஆனால் பையன்கள் என்னை மதித்தது அதற்காக அல்ல. எந்த கேமில் எங்கே மாட்டினாலும் "சபா அண்ணனக் கேளு" என்பார்கள். நடனசபாபதி என்கிற என் பேருக்குக் கிடைத்த மரியாதையே அவ்வளவுதான்.

ஸ்ரீமதி குமராட்சிக்காரி. மத்தியானம் கேரியர் கொண்டுவருவாள். நான் உள்ளே உட்கார்ந்து சாப்பிடுகிற நேரத்துக்கு, ஆள் வராத கடையில் சும்மா இருப்பானேன் என்று நானேதான் அவளை ஆறாம் நம்பரில் உட்காரவைத்தேன். வில் வைத்திருக்கும் ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்து, கொளஞ்சி என்று தன் அம்மா பெயரை வைத்தாள். அன்றைக்குச் சிரித்தேன்.

"கொள்ளிடத்துல தண்ணி வந்துட்டா எங்க ஊரு வயலெல்லாம் இப்டித்தான் ஏரியா கெடக்கும். வரப்பு எங்கன்னே தெரியாது. ஆனா கோரை நிக்குதுல்ல, அதுக்கடியில மேடு இருக்கும். அதப் புடிச்சே போயிடுவோம். இங்கயும் வரிசையா நிக்குது பாருங்க" என்று திரையைக் காட்டினாள் ஸ்ரீமதி.

பார்த்தேன். நின்றது. இரண்டு வருஷமாக நின்றிருக்கிறது. அழகுக்கு வரைந்திருக்கிறான் என்று நினைத்திருந்தேன்.

"சூப்பர்" என்றேன். வயிறு எரிந்தது.

அந்த வாரமே ஹரிஷ் படியேறி வந்து, என்னைப் பார்த்தபடியே, "அண்ணி இல்லையாண்ணே? ஒரு டவுட்டு" என்றான். எதுவானாலும் என்னிடம் கேள் என்றேன். "இல்லண்ணே, இது ஏரிக்கு அந்தாண்ட" என்றான். தப்பாக நினைக்க வேண்டாம், அவன்மேல் எனக்குச் சந்தேகமெல்லாம் கிடையாது. அப்படி ஏதாவது இருந்தால்கூட நாலு பேரிடம் சொல்லி அழலாம். பெண்டாட்டி எனக்கு முன்னால் ஏரியைத் தாண்டிவிட்டாள் என்று யாரிடம் போய் அழுவது? பொறாமைதான். வேறு கௌரவமான பெயர் எதுவும் அதற்கு நான் தேடவில்லை. அவள் சொன்ன கோரை வழியில் நானும் போயிருக்கலாம். ரோஷம் விடவில்லை. என் ஆள், வாளும் கவசமுமாக, இக்கரையிலேயே நின்றான்.

பிரவுசிங் சென்டரில் ஒரு வழக்கம் உண்டு. கண்டவனும் வந்து கண்டதையும் ஏற்றிவிட்டுப் போவான் என்பதால் கம்ப்யூட்டருக்குப் பூட்டுப் போட்டுவைப்போம். பூட்டு என்றால் ஒரு சாஃப்ட்வேர். அதைப் போட்டுவிட்டால், அப்புறம் யார் எதைச் சேமித்தாலும் சரி, ஒருதரம் அணைத்துப் போட்டால் பூட்டின நேரத்தில் எப்படி இருந்ததோ அப்படியே திரும்பிவிடும். திரையின் கீழ் மூலையில் சின்னதாக ஒரு பூட்டுப் படம் தெரியும், அவ்வளவுதான். எங்கள் ஆட்டம் அழியக் கூடாது என்று ஆறாம் நம்பருக்கு மட்டும் நான் பூட்டுப் போடுவதில்லை. அதை முதல் நாளே ஸ்ரீமதியிடமும் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

திங்கட்கிழமை காலையில் போட்டேன்.

அன்றைக்கு கொளஞ்சி அக்கரைக் கோட்டைக்குள் நுழைந்து மூன்று மாடி ஏறினாள். மூன்று மணிக்கு கரண்ட் கட். தினமும் அதே நேரம்தான். யூபிஎஸ் கத்த ஆரம்பித்ததும் ஸ்ரீமதி பொறுப்பாகச் சேமித்து, அணைத்து, கேரியரை எடுத்துக்கொண்டு போனாள். செவ்வாய்க்கிழமை திறந்தால் கொளஞ்சி கோட்டை வாசலில் நிற்கிறாள்.

"மாமா, நேத்து சேவ் பண்ணனே?"

"யூபிஎஸ் ட்ரபுளு. அப்டித்தான் ஆவும்" என்றேன்.

அவள் நம்பினாள். கம்ப்யூட்டர் விஷயத்தில் நான் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் அவளுக்கு. மறுபடி ஏறினாள், நேற்றைவிடச் சீக்கிரமாக. அது இன்னும் எரிந்தது.

புதன்கிழமையும் வாசல்தான். அன்றைக்கு அவள் ஒன்றும் ஆடவில்லை. கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நான்தான் எதையோ தப்பா அமுக்கறேன் போலருக்கு. எனக்கு அந்தளவுக்கு வெவரம் பத்தல மாமா" என்றாள். சொன்னபோது சிரிக்கத்தான் செய்தாள். எனக்கு அந்தச் சோறு செரிக்கவில்லை. சீ, என்ன ஜென்மம் நான் என்று இருந்தது. நாளைக்குக் காலையில் முதல் வேலை பூட்டை எடுப்பதுதான் என்று முடிவு பண்ணிக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை ஹால் டிக்கெட் எடுக்கக் கூட்டம் அள்ளிவிட்டது. கீரப்பாளையத்திலிருந்தெல்லாம் பிள்ளைகள் வந்து படிக்கட்டு வரைக்கும் நின்றன. ஒரு மணிக்கு கேரியர் வந்தபோதுதான் மூச்சு விட்டேன். பூட்டு சுத்தமாக மறந்துவிட்டது.

ஸ்ரீமதி ஆறாம் நம்பருக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "இன்னிக்கு நீங்க ஆடுங்க. நான் பக்கத்துல ஒக்காந்து பாக்கறேன். நீங்க எப்டி அமுக்கறீங்கன்னு பாத்தா எனக்கும் புடிபடும்."

என் ஆளைத் திறந்தேன். ஏரிக்கரை.  தண்ணீரில் இறங்குமுன் என் கை தானாகக் கோரையைத் தேடியது. "லெஃப்ட்ல, லெஃப்ட்ல... அங்க கோரை விட்டுப்போயிருக்கு, தாவுங்க" என்றாள். தாவினேன். அடியில் அந்தக் கருமம் வட்டமடிப்பது நிழலாகத் தெரிந்தது. "நின்னுடாதீங்க மாமா, போங்க போங்க!" அவள் என் தோளைப் பிடித்திருந்தாள். கரை வந்தது. என் ஆள் ஏறி நின்று தண்ணீரை உதறினான். நான் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். அவள் கை தட்டினாள். கல்யாணமாகி நாலு வருஷத்தில் எனக்காக அவள் கை தட்டியது அதுதான் முதல் தடவை. இதற்குப் போயா இத்தனை நாள் எரிந்தோம் என்று இருந்தது.

விசிறி நின்றது. மூன்று மணி. யூபிஎஸ் கத்தத் தொடங்கியது.

"சேவ் பண்ணுங்க, சேவ் பண்ணுங்க" என்றாள்.

சேமித்தேன். அப்போதுதான் மூலையில் இருந்த பூட்டைப் பார்த்தேன். அதை எடுப்பதென்றாலும் ஒருதரம் அணைத்துத்தான் ஆக வேண்டும். எப்படியும் என் ஆள் இக்கரைக்குத் திரும்பிவிடுவான். பத்து நிமிஷம் தாங்கும் யூபிஎஸ். ஒரே வழி, பென் டிரைவில் எடுத்துக்கொள்வது. கடையில் வைத்தால் யாராவது தட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள் என்று அதை வீட்டுச் சாவிக்கொத்தில் கோத்து அவளிடம்தான் கொடுத்திருந்தேன்.

"ஸ்ரீமதி, அந்த பென் டிரைவக் குடு."

"எதுக்கு? அதான் சேவ் பண்ணிட்டீங்களே?"

  என் கண் என்னைக் கேட்காமல் அந்த மூலைக்குப் போய்விட்டு வந்தது. அவளும் அங்கே பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பி, வரிசையாக இருந்த மற்ற ஏழு திரைகளையும் பார்த்தாள். ஒவ்வொன்றின் மூலையிலும் அதே பூட்டு. மறுபடி ஆறாம் நம்பர்.

"இதுல இது இருக்காதே" என்றாள்.

யூபிஎஸ் கத்திக்கொண்டிருந்தது. அவள் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தாள். நான் கையை நீட்டினேன். அவள் கையில் தரவில்லை, கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். காலி கேரியரை எடுத்துக்கொண்டு அவள் படியிறங்கும் சத்தம் கேட்டது. திரையில் இரண்டு நிலாவுக்கும் கீழே, அக்கரையில், என் ஆள் மட்டும் நின்று தண்ணீரை உதறிக்கொண்டிருந்தான்.