வேளைக்குப் பூசிய எண்ணெய்

குருப்பட்டம் பெறுவதற்கு முன் கனிசியஸ் பாதர் கொழும்பில் ஒரு பெரிய ஆசுபத்திரியின் இருதய வாட்டில் தாதியாக வேலை பார்த்தவர். நல்ல சம்பளம், நல்ல பெயர். எல்லாவற்றையும் விட்டுவிட்டு, தலையில் நரை விழத் தொடங்கிய வயதில், மீசை அரும்பாத பெடியன்களோடு குருமடத்து வாங்கில் போய் உட்கார்ந்தார். ஏன் என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் ஒன்றுதான். வாட்டில் சாகிறவர்களைச் சுற்றி மெஷின் இருக்கிறது, மருந்து இருக்கிறது, கையைப் பிடித்துச் செபிக்கத்தான் ஒருவரும் இல்லை. அந்த ஒருவராக இருக்கப் போகிறேன் என்றார்.

அவரை மயிலிட்டிப் பக்கம் ஒரு கரையோரப் பங்குக்கு அனுப்பினார்கள். யுத்தத்தில் இடம்பெயர்ந்து போய், ஒரு தலைமுறை கழித்துத் திரும்பி வந்து குடியேறிய மீன்பிடிச் சனம். புதுப் பாதர் நேர்சாக இருந்தவர் என்ற கதை அவருக்கு முன்னமே ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது. பிறகு கேட்கவா வேண்டும். பூசை முடிந்தால் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள், பாவசங்கீர்த்தனத்துக்கு அல்ல, பிரஷர் பார்க்க. ஒரு மனுசி பாவசங்கீர்த்தனக் கூட்டுக்குள் முழங்காலில் இருந்துகொண்டே தன் சீனி வருத்தத்தை முழுக்க ஒப்புவித்தாள். பாதர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் உள்ளுக்குள் நொந்துபோனார். இதற்காகவா எல்லாவற்றையும் விட்டு வந்தேன் என்று மனம் கேட்டது. கடைசியில் பிரஷர் மெஷினையும் மருந்துப் பெட்டியையும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். நான் இப்போது நேர்ஸ் இல்லை, குரு என்று பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார். சனம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனது.

அதே பிரசங்கத்தில்தான், வருத்தக்காரருக்குக் குரு எண்ணெய் பூசிச் செபிக்கிற அவஸ்தை பூசுதலைப் பற்றியும் பேசினார். எங்கள் சனம் அதற்குப் பாதரைக் கூப்பிடுவது, ஆள் கண்ணைச் செருகிச் சேடம் இழுக்கத் தொடங்கிய பிறகுதான். பாதர் எண்ணெய்ச் சிமிழோடு படலையைத் திறந்தால் அந்த வீட்டில் சாவுப் பந்தலுக்கு ஆள் அனுப்பிவிடுவார்கள். இது சாவுக்கான எண்ணெய் இல்லை, நோயாளியைத் தேற்றுகிற எண்ணெய், வருத்தம் தொடங்கியவுடனேயே என்னைக் கூப்பிடுங்கள் என்று பாதர் ஞாயிறுக்கு ஞாயிறு மன்றாடினார். சனம் தலையை ஆட்டியது. தலையாட்டுவதில் எங்கள் சனத்தை யாரும் வெல்ல முடியாது.

அருமைநாயகி ஒருத்திதான் அதைக் காதில் வாங்கினாள். ஒரு நாள் காலை, கடலால் வந்த அவளுடைய புருசன் செபநாயகம், நெஞ்சுக்குள் இறுக்குகிறது என்று கதிரையில் குந்தினார். அவள் உடனே மகள் ஜெசிதாவைப் பாதரிடம் ஓடவிட்டாள். அந்தக் கணத்தில் பாதருக்கு வந்தது சந்தோசம் என்றுதான் சொல்ல வேண்டும். ஒருத்தியாவது கேட்டாளே! எண்ணெய்ச் சிமிழை எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பறந்தார். பூட்டிய அலுமாரிப் பக்கம் திரும்பவே இல்லை.

வாசலில் கால் வைத்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. செபநாயகத்தின் முகம் சாம்பல் பூத்திருந்தது, உடம்பெல்லாம் வேர்வை, இடது கையைத் தடவிக்கொண்டிருந்தார். இப்படி எத்தனை பேரை அவர் பார்த்திருப்பார். உடனே கொண்டுபோனால் இந்த மனிதர் தப்புவார் என்பதும் தெரிந்தது. அயல் வீட்டு ஜெயசுதனின் வானைக் கொண்டுவரச் சொன்னார். வான் வரும்வரைக்கும் சும்மா நிற்பதா? செபநாயகம் நல்ல நினைவோடு இருந்தார். இப்படி ஒருவருக்குப் பூசத்தானே இத்தனை நாள் மன்றாடினேன் என்று பாதர் நினைத்தார். சிமிழைத் திறந்து நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் பூசிச் செபித்தார். குருவாகிய பிறகு அவ்வளவு மனம் ஒன்றி அவர் செபித்தது அன்றைக்குத்தான்.

செபம் முடிந்து நிமிர்ந்தபோது வீடு நிறைந்திருந்தது. யாரோ மெழுகுதிரி கொளுத்திவிட்டார்கள். பெண்கள் செபமாலையைத் தொடங்கிவிட்டார்கள். வான் வந்து படலையடியில் நின்றது, ஆனால் ஜெயசுதன் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஆளைத் தூக்குங்கோ என்று பாதர் சொன்னார். ஒருவரும் அசையவில்லை. செபநாயகத்தின் தமையன் அடைக்கலநாதன் குறுக்கே வந்தார்.

"அவஸ்தை பூசின ஆளை இனி ஏன் பாதர் அலைக்கழிக்கிறது? வழியிலை சீவன் போச்சுதெண்டால் ஆசுபத்திரியிலை பிரேதத்தை வெட்டிப் பாத்துத்தான் தருவினம். வீட்டிலையே நிம்மதியாக் கிடக்கட்டும்."

பாதர் விளக்கினார். இரத்தக்கட்டியைக் கரைக்க மருந்து இருக்கிறது, ஊசி இருக்கிறது, இன்னும் நேரம் இருக்கிறது என்று தொண்டை கிழியக் கத்தினார். நான் நேர்ஸ் இல்லை என்று சொன்ன வாயிலிருந்து வந்த நேர்சின் கதையை யார் கேட்பார்கள்? வெள்ளை அங்கியும் எண்ணெய் பூசிய விரலும்தான் அவர்களுடைய கண்ணுக்குத் தெரிந்தன. அவர் தானே குனிந்து செபநாயகத்தைத் தூக்கப் பார்த்தார். செபநாயகம் அவருடைய கையை மெதுவாக விலக்கினார்.

"விடுங்கோ பாதர். நீங்கள் பூசேக்கையே எனக்கு விளங்கீட்டுது."

"அண்ணை, அது சாவுக்குப் பூசினதில்லை. எழும்புங்கோ, நீங்கள் தப்புவியள்."

பாதர் ஆறுதலுக்குச் சொல்கிறார் என்றுதான் செபநாயகம் எடுத்துக்கொண்டார். மனுசி அருமைநாயகியைக் கிட்டக் கூப்பிட்டு, மகளைப் பார்த்துக்கொள் என்றார். பிறகு தன்னைப் பாயில் கிடத்தச் சொன்னார். பாதர் அம்புலன்சுக்குப் போன் அடித்தார். அது வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. பாதர் முழங்காலில் விழுந்து, இரண்டு கைகளையும் கோத்து நெஞ்சை அமுக்கினார். பிரேதத்தை வதைக்க வேண்டாம் என்று சொல்லி ஆம்பிளைகள் அவரைத் தோளில் பிடித்து இழுத்தெடுத்தார்கள். அந்த வீட்டில் அன்றைக்குப் பெருங்குரலில் அழுதது பாதர்தான். என்ன நல்ல பாதர், எங்கடை ஆளுக்காக எப்படி அழுகிறார் என்று சனம் உருகியது.

அடக்கம் முடிந்து சில நாளில் அருமைநாயகி பாதர் இருக்கும் குருமனைக்கு வந்தாள்.

"நீங்கள் நேர்சா இருந்தனீங்கள், உங்களுக்குத் தெரியும். அண்டைக்குக் கொண்டு போயிருந்தால் இவர் தப்பியிருப்பாரோ?"

தப்பியிருப்பார். அது பாதருக்குத் தன் பெயரைப் போலத் தெரியும். அதைச் சொன்னால் இவள் இனி ஒருநாளும் நிம்மதியாகக் கண்மூட மாட்டாள். பாதரைக் கூட்டிவரச் சொன்னது இவள்தானே.

"இல்லையம்மா. தப்பியிருக்க மாட்டார்."

அவள் நீளமாக மூச்சு விட்டாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். புருசன் செத்த நாளுக்குப் பிறகு அவளுடைய முகம் தெளிந்ததை அன்றைக்குத்தான் பாதர் பார்த்தார்.

"அப்ப நான் உங்களைக் கூப்பிட்டதுதான் சரி. எங்கடை சனத்துக்கும் சொல்லிக்கொண்டுதான் திரியிறன் பாதர், நெஞ்சு நோ எண்டால் ஆசுபத்திரிக்கு ஓடாதேங்கோ, முதல் பாதரைக் கூப்பிட்டுப் பூசுவியுங்கோ எண்டு. எல்லாரும் ஓமெண்டினம்."

இப்போதே நிறுத்தி உண்மையைச் சொல்ல வேண்டும் என்று பாதருக்குத் தெரிந்தது. அந்தத் தெளிந்த முகத்தைப் பார்த்தார். அவள் தோத்திரம் சொல்லிவிட்டு, படலையைச் சாத்திக்கொண்டு போகும்வரைக்கும் அவரால் வாய் திறக்க முடியவில்லை.