மூன்று ஹைட்ரஜனும் ஒரு ஃப்ளெக்ஸும்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. கதவைத் தட்டிக்கொண்டு வந்தது. கருவடிக்குப்பத்தில் எங்கள் எதிர்வீட்டு மஹீரா லேசர் ஆராய்ச்சி மாணவி. நேற்று வந்து, "அங்கிள், நீங்க கதைதான எழுதுறீங்க? எனக்கு ஒரு முடிவு வேணும்," என்றாள். பத்திரிகை ஆசிரியர்கள்கூட என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

2

தொடக்கம் ஒன்று: "கண்ணிமைக்கும் நேரத்தில்..." (அடித்துவிட்டேன். அந்த லேசர் துடிப்புக்குக் கண்ணிமைப்பு ஒரு யுகமாம்.)

தொடக்கம் இரண்டு: "மூலக்கூறு என்பது ஒரு கூட்டுக் குடும்பம். லேசர்..." (இதையும். குடும்பம் உடைய இவ்வளவு செலவாகாது.)

எனக்குப் புரிந்தவரை: காற்றை உறிஞ்சி எடுத்த இரும்புக் கலத்துக்குள் ஏதோ ஒரு வாயுவைத் துளி விடுகிறார்கள். துடிப்பு பட்டதும் மூலக்கூறின் எலெக்ட்ரான்கள் பிடுங்கப்படுகின்றன. மிஞ்சியதெல்லாம் நேர்மின்னூட்டம்; ஒன்றையொன்று தள்ளிவிட்டுச் சிதறுகின்றன. எது முந்திக் கருவிக்கு வந்து சேர்ந்தது, எது பிந்தி என்று பார்த்து, இன்ன துண்டு என்கிறார்கள். (மஹீரா திருத்திய பத்தி. இன்னும் குழப்பினால் அது என் பங்கு.)

3

மஹீராவின் வரைபடத்தில் எதிர்பாராத ஒரு முகடு: மூன்று ஹைட்ரஜன் ஒட்டிக்கொண்டு வந்திருந்தன. அவளுடைய வாயுவிலிருந்து அப்படி வந்ததாக யாரும் எழுதியதில்லை. அவளுடைய ஆய்வு வழிகாட்டி, பேராசிரியர் சகாயநாதன், மறுநாளே கல்லூரி வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார். அதில் மூலக்கூறு இல்லை. அவர் இருந்தார், கோட்டுடன். (எழுத்தாளர்கள்தான் இப்படிச் செய்வோம் என்று நினைத்திருந்தேன்.) நாளை பாராட்டு விழா.

முந்தாநாள் அவள் வாயுவே விடாமல் லேசரை ஓட்டிப் பார்த்தாள். முதலிலேயே செய்திருக்க வேண்டிய சோதனை, அவசரத்தில் விட்டிருந்தாள். காலிக் கலத்திலிருந்தும் அதே மூன்று ஹைட்ரஜன் வந்து நின்றன. அப்படியென்றால் அந்த முகடு அவளுடைய வாயுவினுடையதல்ல. கலத்தை மெத்தனால் போட்டுத் துடைத்தவள் அவள்தான். அது முழுக்கப் போகும்வரை பம்பை ஓடவிடவில்லை. மெத்தனால் உடைந்தால் மூன்று ஹைட்ரஜன் சேர்ந்து வரும் என்பது அந்தத் துறையில் பழைய சேதி.

4

சகாயநாதனை வில்லனாக எழுதினேன். முறுக்கு மீசைகூட வைத்தேன். மஹீரா படித்துவிட்டு,

"ஐயோ, அவரு அப்டி இல்ல அங்கிள். எங்க அத்தா மவுத்தானப்ப என் லேப் வேலையெல்லாம் அவருதான் பாத்தாரு."

அப்பாவை இழந்த பெண்ணுக்காக லேப் வேலை பார்த்தவர். மீசையை எடுத்துவிட்டேன். இப்போது யார்மேல் கோபப்படுவது என்று எனக்கே தெரியவில்லை.

5

(அ) காலையிலேயே அவரிடம் சொல்கிறாள். விழா நிற்கிறது. டாக்டர் பட்டம் தள்ளிப்போகிறது.

(ஆ) சொல்லவில்லை. டாக்டர் மஹீரா. பிறகு வேறெங்கோ யாரோ காலிக் கலத்தை ஓட்டிப் பார்க்கிறார்கள்.

(இ) மேடையில் மைக்கைப் பிடுங்கி... (சினிமா. வேண்டாம்.)

"(அ)தான் அங்கிள். அது எனக்கு வரும்போதே தெரியும்."

"பின்ன எதுக்கும்மா வந்த?"

"சொன்ன ஒடனே அவரு மூஞ்சி எப்டி இருக்கும்னு எழுதுவீங்கன்னு பாத்தேன். கரெக்டா அத விட்டுட்டீங்க."

சகாயநாதனின் முகம் வெளிறி... சகாயநாதனின் முகம் ஒரு கணம்... சகாயநாதனின்...

"விடுங்க. உங்க வீட்ல ஏணி இருக்கா?"

"எதுக்கு?"

"ஜனங்க வர்றதுக்குள்ள ஃப்ளெக்ஸ எறக்கிடணும். அவரே ஏறி எறக்கக் கூடாது."

6

ஏணியைக் கொடுத்தனுப்பிவிட்டேன். முகத்தை நீங்கள் எழுதுங்கள். கோட்டு மட்டும் போட்டுவிடாதீர்கள்.