கழுத்துச் சாவி

பிரேமா எழுதியது ஒரே ஒரு கதை. அதற்கு வந்த பஞ்சாயத்து இரண்டு.

முதல் பஞ்சாயத்து திருவள்ளூரில், ஃபேன் ஓடுகிற ஹாலில், டீ பிஸ்கட்டோடு நடந்தது. அதற்கு இலக்கியக் கூட்டம் என்று பெயர். சிறுபத்திரிகை ஒன்றில் வந்த அவள் கதையைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். அவளுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. ஷிப்டு முடிந்த கையோடு, யூனிஃபார்மின் மேல் ஒரு துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு, நாஷ்டாகூடச் சாப்பிடாமல் ரயிலேறிப் போயிருந்தாள்.

கதை இதுதான். நெல் விளைகிற ஓர் ஊர். அங்கே பஜனை சொல்லித்தருகிற ஒரு பாட்டு வாத்தியார், ஊரே கும்பிடுகிற மனுஷன். வருஷத்துக்கு ஒரு சிறுமியைத் தேர்ந்தெடுத்து, மற்ற பிள்ளைகள் போன பிறகு இருந்து குத்துவிளக்கைத் துடைத்துவைக்கிற பொறுப்பைக் கொடுப்பார். "நீ மத்தவங்க மாதிரி இல்லம்மா" என்பார். கதையில் வருகிற சிறுமி தாயில்லாதவள், அப்படி ஒரு வார்த்தைக்கு ஏங்கிக் கிடந்தவள். முதலில் கல்கண்டு கொடுப்பார். அப்புறம் அவளிடம் மட்டும் சொல்வதாக ரகசியங்கள் சொல்வார். அப்புறம், வெளியே சொன்னால் உன்னைத்தான் தப்பாகப் பேசுவார்கள் என்பார். அதற்கு மேல் பிரேமா எழுதவில்லை. கதவு சாத்துகிற சத்தத்தோடு நிறுத்திவிட்டாள்.

பேராசிரியர் குப்புராஜ் மைக்கைப் பிடித்தார். நடையைப் பாராட்டினார், முடிவைப் பாராட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரே கேள்விதான்மா. இது உங்களுக்கு நடந்ததா?"

"கதைங்க சார்."

"கதைன்னா? அனுபவமா, கற்பனையா?"

"கதைங்க சார்" என்றாள் மறுபடியும்.

அவர் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். "பாதிக்கப்பட்டவங்க எழுதினா அது சாட்சியம். மத்தவங்க எழுதினா அது இரவல் வலி. அடுத்தவங்க காயத்துல பேர் வாங்குறது. எதுன்னு தெரியாம நான் எப்படி மதிப்பிட முடியும்?"

கூட்டத்தை ஏற்பாடு செய்த நந்தினி பக்கத்தில் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லுங்க பிரேமா. இங்க எல்லாரும் நம்மவங்கதான்." அவள் நல்லவள்தான். அந்த நல்லதனம்தான் பிரேமாவுக்குக் கூடுதலாக எரிந்தது.

கொலைக்கதை எழுதியவனிடம் போய், நீ எத்தனை பேரைக் குத்தினாய் என்று இதுவரை எந்தப் பேராசிரியராவது கேட்டிருக்கிறாரா? ராஜா கதை எழுதுகிறவனிடம் கிரீடத்தைக் காட்டச் சொன்னதுண்டா? இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் பெண் தன் உடம்பைக் கொண்டுவந்து மேஜைமேல் வைக்க வேண்டும், இவர்கள் சீல் குத்தித் தர வேண்டும். இதைப் படிக்கிறவர்களுக்கும் நடந்ததா இல்லையா என்று உள்ளுக்குள் குறுகுறுக்கும். குறுகுறுக்கட்டும். அது இங்கேயும் சொல்லப்படாது.

பிரேமா டீயைக் குடிக்காமல் கிளம்பினாள். சொல்லியிருக்க வேண்டிய பதில் பேசின் பிரிட்ஜில் வண்டி மாறும்போதுதான் வந்தது. அந்தப் பெண் யார் என்று கேட்டார்களே தவிர, அப்படி ஒரு வாத்தியார் எங்கே இருக்கிறான் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பொன்னேரியில் அவள் வாடகைக்கு இருந்த அறைக்குப் போய்ச் சேருகிறவரை அதையே மென்றுகொண்டிருந்தாள்.

கூட்டத்தை, கதையைச் சுருக்கிச் சொன்னது உட்பட, எவனோ வீடியோ எடுத்துப் போட்டிருந்தான். அது போன் போனாகத் தாவிப் பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிற அவள் குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து அண்ணன் அருண்பாண்டியன் கூப்பிட்டான்.

"ஞாயித்துக்கிழம ஊருக்கு வந்துடு. உன்னால ஊரக் கூட்டிக்கிறாங்க."

"இன்னாத்துக்கு?"

"தேசப்பன் வாத்தியாரப் பத்தி தப்பா எழுதிட்டியாமே."

பிரேமா கதையை மனசுக்குள் ஒரு முறை ஓட்டிப் பார்த்தாள். கதையில் தேசப்பன் இல்லை. ஏரி இல்லை, குப்பம் இல்லை, படகு இல்லை. எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் மாற்றித்தான் எழுதியிருந்தாள்.

தேசப்பன் குப்பத்தின் வாய். கரையோரத்தில் இருக்கிற புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் சாயங்காலம் இலவச ட்யூஷன் எடுப்பார். கம்பெனித் தண்ணீர் ஏரியில் கலக்கிறது என்று மனு எழுதுவதும் அவர்தான், அதைக் கலெக்டரிடம் கொண்டுபோய் இங்கிலீஷில் பேசுவதும் அவர்தான். அந்தக் கட்டடத்தின் சாவியை வருஷத்துக்கு ஒரு பெண் பிள்ளையிடம் கொடுப்பார். கறுப்புக் கயிற்றில் கோத்து அவளே கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். முதலில் வந்து திறக்கிறவளும் அவள்தான், எல்லோரும் போன பிறகு பூட்டுகிறவளும் அவள்தான். சாவி எந்த வீட்டுக்கு வரும் என்று தாய்மார்கள் போட்டி போடுவார்கள். வந்துவிட்டால் நகை வந்த மாதிரி சொல்லிக்கொள்வார்கள். ஏழாம் வகுப்பு படிக்கும்போது பிரேமாவின் கழுத்தில் அந்தச் சாவி இருந்தது. இந்த வருஷம் கலைவாணியின் மகள் இளமதியின் கழுத்தில் இருக்கிறது.

"நம்ம பேர பாட்டுலேர்ந்து தூக்கிடுவாங்க பிரேமா" என்றான் அண்ணன். ஏரியில் இறால் ஓடுகிற இடங்களில் எந்த நாளில் எந்த வீட்டுக்காரன் வலை கட்டலாம் என்று சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். பாட்டில் பேர் இல்லாதவன் படகைக் கவிழ்த்துப்போட்டுவிட்டு அடுத்தவனிடம் கூலிக்குப் போக வேண்டியதுதான். "ரெண்டு புள்ளைங்கள வெச்சுக்கினு நான் எங்க போவேன்? பொய்யின்னு ஒரு வார்த்த சொல்லிடு. நீயே கதைன்னுதான சொல்ற. கதைன்னா பொய்தான?"

அவன் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. பொய்தான் என்று சொல்லிவிட்டுத் தொலைவோம் என்று பழவேற்காடு பஸ்ஸில் உட்கார்ந்தே முடிவு செய்துவிட்டாள். அண்ணன் பிள்ளைகளுக்கு பிஸ்கட் பாக்கெட்டுகூட வாங்கிக்கொண்டாள்.

இரண்டாவது பஞ்சாயத்து எல்லையம்மன் கோயில் எதிரே, வலை பின்னுகிற கொட்டகையில். ஆண்கள் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் வலைக்குவியலுக்குப் பின்னால் நின்றார்கள், அங்கே அவர்கள் பேசுவது வழக்கமில்லை. நாற்காலி ஒன்றுதான், அதில் தேசப்பன், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில். ஊர்த் தலைவர் துலுக்காணத்தின் முன்னால் தட்டில் கற்பூரம் எரிந்தது. பிரேமாவின் அம்மா எல்லம்மா கூட்டத்தில் எங்கேயோ பின்னால் இருந்தாள்.

"ஏம்மா, வாத்தியார அசிங்கப்படுத்தி எழுதிக்கிறியாமே" என்று ஆரம்பித்தார் துலுக்காணம்.

"நான் எழுதினது பாட்டு வாத்தியார் பெரிப்பா. நெல்லு வெளையிற ஊரு."

"ஊர மாத்திட்டா எங்களுக்குத் தெரியாதா? இன்னா, உனக்கு நடந்துச்சா? நடந்திருந்தா அன்னிக்கே சொல்லியிருக்கணும். வேற பொண்ணுக்கு நடந்துச்சுன்னா பேரச் சொல்லு, அவ வந்து சொல்லட்டும். ரெண்டும் இல்லன்னா கற்பூரத்த அணைச்சு, பொய்யின்னு சத்தியம் பண்ணிட்டுப் போ. எங்களுக்கும் பேஜாரு வேணாம்."

பேராசிரியர் குப்புராஜ் லுங்கி கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது அவளுக்கு. அவருக்கு ஆமாம் வேண்டும், இவருக்கு இல்லை வேண்டும். மற்றபடி கேள்வி ஒன்றுதான்.

"முப்பது தாண்டியும் கண்ணாலம் ஆவல. அந்த ஆத்திரம் எங்கியாவது காட்டணும்ல" என்று பின்னாலிருந்து எவனோ சொன்னான். சிலர் சிரித்தார்கள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு மணலைக் கிள்ளிக்கொண்டிருந்தான். பிரேமா கற்பூரத் தட்டின் பக்கம் போனாள். கையை நீட்டினாள்.

அந்த நேரம் பார்த்துத் தேசப்பனுக்குப் பெருந்தன்மை வந்துவிட்டது.

"விடுங்க தலைவரே. நான் எழுத்து சொல்லிக்குடுத்த பொண்ணு. சின்ன வயசுலயே கற்பனை ஜாஸ்தி. அப்பவே இதுகிட்ட சொல்வேன், நீ மத்தவங்க மாதிரி இல்லம்மான்னு."

கதையை அவர் படித்திருக்கவில்லை. படித்திருந்தால் அந்த வார்த்தையை விழுங்கியிருப்பார். வலைக்குவியலுக்குப் பின்னால் நின்ற பெண்களில், பிரேமாவுக்கு முன்னும் பின்னும் சாவி போட்டிருந்தவர்கள் இருந்தார்கள். ஒருத்தி கையிலிருந்த குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இன்னொருத்தி ஏரியைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். அந்த வார்த்தை தனக்கு மட்டும் சொல்லப்பட்டது என்றுதான் பிரேமா இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். அவர்களும் அப்படியேதான் நினைத்திருப்பார்கள். அடப்பாவி, புது வார்த்தை யோசிக்கக்கூட அவன் சிரமப்பட்டதில்லை.

பிரேமா நீட்டிய கையை எடுத்துக்கொண்டாள்.

"பெரிப்பா, ஒண்ணு கேக்குறேன். நான் எழுதினது வெளக்கு. ஒரு எடத்துலகூட சாவின்னு எழுதல. வெளக்க வெச்சு உங்களுக்கு எப்பிடி நம்ம வாத்தியாரு சாவி ஞாபகம் வந்துச்சு?"

துலுக்காணம் மீசையைத் தடவினார். பதில் வேறு யாரோ சொன்னார்கள். "வருசத்துக்கு ஒரு பொண்ணுன்னு எழுதிக்கிற. பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரியுமே, அது யாருன்னு."

"அப்ப தெரியும்" என்றாள் பிரேமா. "நான் எழுதுறதுக்கு முந்தியே ஊருக்குத் தெரியும்."

கற்பூரத் தட்டை விட்டு ஓரடி தள்ளி நின்றாள்.

அப்போதுதான் கலைவாணி வலைக்குவியலைச் சுற்றிக்கொண்டு ஆண்கள் பக்கம் வந்தாள். மகள் இளமதியை முன்னால் நிறுத்தினாள். அவள் கழுத்திலிருந்த கறுப்புக் கயிற்றைத் தலைவழியாகக் கழற்றிக் கற்பூரத் தட்டின் பக்கத்தில் சாவியை வைத்தாள். கலைவாணியும் ஒரு காலத்தில் அதைப் போட்டிருந்தவள்.

"இன்னா கலைவாணி?" என்றார் துலுக்காணம்.

"புள்ளைக்குக் கழுத்து அரிக்குது" என்று சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஒருவரும் அவளைத் திருப்பிக் கூப்பிடவில்லை. கற்பூரம் தானாக அணைந்தது. கொஞ்ச நேரம் பொறுத்துத் தேசப்பன் குனிந்து சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சபையில் தலைவரை எதிர்த்துக் கேள்வி கேட்ட குற்றத்துக்காக எல்லம்மா வீட்டுக்கு இந்த வருஷம் பாடு கிடையாது என்று தீர்ப்பாயிற்று. கதையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அண்ணன் தீர்ப்பைக் கேட்டுவிட்டு எழுந்து போனான். பிஸ்கட் பாக்கெட்டைப் பிள்ளைகளிடம் கொடுக்கவும் விடவில்லை.

ஊர் திருந்திவிட்டது என்று நினைத்தால் அது உங்கள் தப்பு. தேசப்பனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் அடுத்த மனுவை யார் எழுதுவது? அவர் வழக்கம்போலக் கலெக்டர் ஆபீஸுக்குப் போனார், வந்தார். ஆனால் திங்கட்கிழமையிலிருந்து ட்யூஷனுக்குப் பையன்கள் மட்டும்தான் போனார்கள். சாயங்கால நேரத்தில் பொம்பளப் பிள்ளைகளுக்கு இன்னா படிப்பு என்று தாய்மார்கள் ஆளுக்கொரு வேலையைக் கொடுத்து வீட்டில் உட்காரவைத்தார்கள். கணக்கில் கெட்டிக்காரியான இளமதி இறால் உரிக்கப் போனாள். தப்பு செய்தவனுக்கு நாற்காலி அப்படியே இருந்தது, பிள்ளைகளுக்குப் படிப்பு போயிற்று. அந்த ஊரால் முடிந்த நியாயம் அவ்வளவுதான்.

இதற்கு நடுவில் நந்தினியிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. அடுத்த மாதம் சென்னையில் ஒரு கருத்தரங்கு, பாதிக்கப்பட்டவராகப் பேசச் சம்மதமா, இல்லையென்றால் அந்த இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று. பிரேமா பதில் போடவில்லை.

சீட்டுக் குலுக்கி முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஊருக்குப் போனாள். அண்ணன் அடுத்தவன் படகில் கூலிக்குப் போயிருந்தான். கவிழ்த்துப்போட்ட சொந்தப் படகின் நிழலில் உட்கார்ந்து எல்லம்மா யாருடையதோ இறாலை உரித்துக்கொண்டிருந்தாள். மகளைப் பார்த்து, வா என்றும் சொல்லவில்லை, ஏன் வந்தாய் என்றும் கேட்கவில்லை. பிரேமாவும் எதிரே உட்கார்ந்து ஒரு கை இறாலை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.

"கலைவாணி வந்திருந்தா" என்றாள் எல்லம்மா. "உன் கதைய எனக்குப் படிச்சுக் காட்டினா. மறுபடியும் படின்னேன், படிச்சா."

பிரேமா ஓர் இறாலின் தலையைக் கிள்ளிப் போட்டாள்.

"அதுல அந்தப் பொண்ணுக்கு அம்மா இல்லன்னு எழுதிக்கிற."

"அது கதைம்மா."

"இருந்தாளே." எல்லம்மாவின் விரல்கள் நிற்கவில்லை. ஓடு ஒரு பக்கம், சதை ஒரு பக்கமாக விழுந்துகொண்டே இருந்தது. "அந்த வருசம் சாவி பக்கத்து ஊட்டுக்குப் போறதா இருந்துச்சு. கூடை நெறைய நண்டு எடுத்துக்கினு போயி, எம்பொண்ணுக்குக் குடுங்க சாருன்னு அவன் வாசல்ல நின்னா. கொடுக்கக் கயித்தால கட்டின உசுரு நண்டு. நல்ல சதை. வாங்கி உள்ள வெச்சுக்கினு, அப்புறம்தான் சாவியக் குடுத்தான்."

பிரேமாவின் கை நின்றுவிட்டது. அம்மா அவளைப் பார்க்காமல் அடுத்த இறாலை எடுத்தாள்.

"அம்மாவ சாவடிச்சுட்டா அவளுக்குப் பழி ஒண்ணும் வராதுன்னு பாத்தியா? இன்னொரு வாட்டி எழுதும்போது அவள உசுரோட வெச்சு எழுது. நண்டையும் எழுது."