கல்லறையருகே எத்தனை பேர்

அச்சகத்தில் அவளுக்குக் காற்புள்ளி என்று பட்டப்பெயர். இருபத்திரண்டு வருஷமாகப் பிழை திருத்துகிறவள். விட்டுப்போன ஒரே ஒரு காற்புள்ளிக்காக ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்த வைத்த மகராசி. அப்பேர்ப்பட்டவள் செய்துவைத்த காரியத்தை நம்பாமல் போதகர் தாளை இரண்டு தடவை புரட்டிப் பார்த்தார்.

உயிர்த்தெழுதல் ஆராதனைக்கான வாசிப்பு ஏடு அது. கல்லறைக் காட்சியை நாலு சுவிசேஷங்களிலிருந்தும் எடுத்துப் பக்கம் பக்கமாக அடுக்கியிருந்தார்கள். மத்தேயுவில் ஒரு தூதன், மாற்குவில் ஒரு வாலிபன். லூக்காவிலும் யோவானிலும் இரண்டிரண்டு பேர். காலங்காலமாக எல்லாரும் அறிந்த சங்கதிதான். காற்புள்ளியோ சிவப்புப் பேனாவால் இரண்டு இடத்திலும் இரண்டை அடித்து, ஒன்று என்று எழுதியிருந்தாள்.

"வேதத்துலயே கை வெச்சிட்டியேம்மா" என்றார் போதகர். அச்சக நிர்வாகமும் அவர் தலையில்தான். கோபப்படக்கூட அவரிடம் தெம்பில்லை.

தூக்கக் கலக்கம் என்று சொல்லி அவள் தப்பித்திருக்கலாம். பொய் சொல்லவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

"தெரிஞ்சுதான் செஞ்சேன் ஐயா. ஒரு இடத்துலயாவது எல்லாரும் ஒண்ணா சொல்லட்டுமேன்னு தோணுச்சு."

அவளுடைய தம்பி லாரி மோதிச் செத்து எட்டு மாதம். அன்று காலை வீட்டில் இருந்தது அம்மாவும் தம்பி மனைவியும் மட்டும். சிரித்த முகமாக 'வரேம்மா' என்று சொல்லிவிட்டுப் போனான் என்பது அம்மா கட்சி. முந்தின நாள் சண்டையில் யாரிடமும் முகம் கொடுக்காமல் போனார் என்பது மனைவி கட்சி. புருஷனை நோகடித்து அனுப்பினாள் என்று மருமகளை அம்மா சொல்ல, அத்தை கதை கட்டுகிறார் என்று மாமியாரை மருமகள் சொல்ல, இரண்டு பக்கமும் இடிபட்ட மத்தளம் காற்புள்ளிதான். "சரிபாக்கிறது உன் தொழில்தானே, யார் சொல்றது நிஜம்னு நீயே சொல்லு" என்பார் அம்மா. அவளும் எத்தனை மணி, என்ன சட்டை, எந்தச் செருப்பு என்று குடைந்து குடைந்து கேட்டாள். கேட்கக் கேட்கப் பிளவு பெரிதானதுதான் மிச்சம். நாளைக் காலை தம்பி மனைவி குழந்தையோடு பிறந்த வீட்டுக்குப் போகிறாள். போனால் திரும்ப மாட்டாள்.

இவ்வளவையும் கேட்டுவிட்டுப் போதகர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எல்லாரும் அச்சடிச்ச மாதிரி ஒண்ணாச் சொன்னா, பேசி வெச்சுக்கிட்டுச் சொல்றாங்கன்னு நானே சந்தேகப்படுவேன். அன்னைக்குக் கல்லறையப் பாக்கப் போன பொம்பளைங்க இருந்த பயத்துல, எத்தனை பேர்னு எண்ணிக்கிட்டா நின்னிருப்பாங்க?"

"அப்ப எதுதான் உண்மை?"

"எத்தனை பேர்னு எனக்குத் தெரியாதும்மா. முப்பது வருஷமாப் பிரசங்கம் பண்றேன், இன்னும் தெரியல. கல்லறை காலியா இருந்துச்சுங்கிறதுல சுவிசேஷம் எழுதின நாலு பேருக்கும் பேச்சு மாறல. என் பொழப்பு அதை நம்பித்தான் ஓடுது. நீ ரெண்டை ரெண்டாவே போட்டு அனுப்பு."

அவள் வீடு போனபோது கூடத்தில் பைகள் கட்டித் தயாராக இருந்தன. இருவரையும் சமையலறைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"நான் கேள்வி கேக்கல. ஒருத்தர் சொல்லி முடிக்கிற வரைக்கும் இன்னொருத்தர் வாயத் திறக்கக் கூடாது."

அம்மா சொன்னார். தெருமுனை வரை போன பிள்ளை திரும்பி வந்தானாம், வாசலில் நின்று சிரித்தானாம், 'வரேம்மா' என்றானாம். தம்பி மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவள் முறை.

"தெருமுனை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தாரு. சாவிய எடுத்தாரு. நான் இங்கதான் நின்னேன். என்னை நிமிர்ந்துகூடப் பாக்கல."

திரும்பி வந்தான். இரண்டு பேருமே அதைச் சொல்கிறார்கள். எட்டு மாதமாக மணியையும் சட்டையையும் கேட்டுக் குறுக்கே விழுந்துகொண்டிருந்தவளுக்கு இது இதுவரை காதிலேயே ஏறவில்லை. காற்புள்ளிக்குத் தன்மீதே வெறுப்பாக இருந்தது.

அம்மா மருமகள் பக்கம் திரும்பினார்.

"நிமிர்ந்து பாக்கலையா? அடிப்பாவி, இதையா இத்தனை நாளா மனசுல போட்டுக்கிட்டுத் திரிஞ்ச?"

மருமகள் ஆமென்று தலையை ஆட்டினாள். அழுகையை அடக்க முடியவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மாமியார் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"உங்ககிட்ட சிரிச்சாருன்னு சொன்னீங்களே அத்தை. அதை இன்னொரு தடவ சொல்லுங்க."