காயம் ஆறாத கிழங்கு

குளிருகிறது என்று மாமியார் சொன்னால், "இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்கங்க, அத்தை. கரண்ட் என்ன சும்மாவா வருது?" என்பார் தபால்காரரான மருமகன்.

முதல் உறைபனிக்கு முன்பே தோட்டத்துச் சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தோண்டிவிட்டார். கிழங்கில் மண்வெட்டி பட்ட காயம் ஆறவும் இனிப்பு ஏறவும் பத்து நாள் கதகதப்பு வேண்டுமாம். பின்னறையில் கூடைகளை அடுக்கி, இரவு பகலாக ஹீட்டரை ஓடவிட்டார். பெண் கொடுத்த இடம். சண்டை போட முடியாது. மாமியார் தன் கட்டிலை மட்டும் அந்த அறைக்கு இழுத்துக்கொண்டார்.

பதினோராம் நாள் காலை மருமகன் ஹீட்டரை அணைக்க வந்தார். "காயமெல்லாம் ஆறிடுச்சா, அத்தை?"

மாமியார் ஒரு கிழங்கை நீட்டினார். தோலில் நீளமாய் ஒரு கீறல்.

"எங்க ஆறுச்சு, மாப்பிள்ளை? பச்சையாவே இருக்கு, பாருங்க."

மாமியாரின் கட்டைவிரல் நகத்தில் கிழங்குப் பால் இன்னும் காயவில்லை.