காற்றின் மூஞ்சியில் சாத்திய கதவு

'வாங்க' என்று சொல்லாதவர் இன்ஜினுக்குள் காற்று நுழையாது. கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்த நாச்சிமுத்துவுக்கு இது நன்றாகத் தெரியும். அவசரத்தில் மறந்துவிட்டார், அவ்வளவுதான்.

ஒன்பது வருடமாகப் பட்டறைக்குப் பின்னால் சொந்தமாக ஒரு விமானம் கட்டிக்கொண்டிருந்தார். இன்று பதினொரு மணிக்குப் பரிசோதகர் வருகிறார். இன்ஜின் ஓடாவிட்டால் அனுமதி ரத்து. இறக்கையை அறுத்துப் பழைய இரும்புக்கடையில் போட வேண்டியதுதான்.

இன்ஜினின் மூக்கில் இரண்டு வழி வைத்திருந்தார். ஆகாயத்துக்கு நேர்வழி, தூசு பறக்கும் தரைக்குச் சல்லடை வைத்த பக்கவழி. நடுவில் ஒரு தகரக் கதவு, மேசை டிராயரின் தண்டவாளத்தில் சறுக்கும். சைக்கிள் பிரேக் கம்பியை இழுத்தால் நேர்வழி சாத்தும், பக்கவழி திறக்கும். காலையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நேர்வழியில் ஆசையாக வந்தது. நாச்சிமுத்து கம்பியை இழுத்து மாட்டினார். கதவு அதன் மூஞ்சியில் டப்பென்று சாத்தியது. இன்ஜின் இரண்டு தடவை இருமி நின்றது. காற்று வெளியே போய், கேட்டருகில் முதுகைக் காட்டி நின்றுகொண்டது.

"ஏனுங்க, வாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?" என்றாள் மனைவி தெய்வாத்தாள்.

"காத்துக்கு என்னடி வாங்க போங்க!"

"கேட்டுக்குங்க அம்மிணி," என்றது காற்று. "ரெண்டு மலைக்கு நடுவால நசுங்கிட்டு வர்றேன். மூஞ்சில கதவு! அந்தப் பக்கமாப் போயி, தூசு தட்டிட்டு வரோணுமாமா. உங்க புள்ள கண்ணாலத்துலயும் இப்படித்தான். பந்தலுக்குள்ள காலெடுத்து வச்சேன், ஃபேனைப் போட்டுட்டாரு."

"தூசைக் கொண்டாந்து என்ற பிஸ்டனைத் தேச்சவனுக்கு மரியாத வேறயா? போடா!"

போய்விட்டது. பட்டறையில் காலண்டர் தாள்கூட அசையவில்லை. பரிசோதகர் வந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு படிவத்தைப் பிரித்தார்.

"காத்து?"

"கோவிச்சுட்டுப் போயிருச்சுங்க."

"அப்ப ரத்துனு எழுதிக்கறேன்."

நாச்சிமுத்துவுக்கு உச்சந்தலை கொதித்தது. "சுத்துடி!" என்றார். தெய்வாத்தாள் விமானத்தின் முன்விசிறியைக் கையால் சுற்றினாள். அவர் இன்ஜின் மூக்கில் வாயை வைத்துத் திட்ட ஆரம்பித்தார். காற்றை, அதன் பரம்பரையை, மூன்று தடவை மனுவைத் தொலைத்த அலுவலகத்தை, பல்லிளித்த பக்கத்து வீட்டை. தரை என்பதால் திட்டெல்லாம் முறைப்படி சல்லடை வழியாகப் போயின. இன்ஜின் புகைந்தது, பிடிக்கவில்லை.

"நல்ல வார்த்தை மட்டுந்தானுங்க உள்ள போகுது," என்றாள் தெய்வாத்தாள். "கதவைத் தொறந்து உடுங்க."

கம்பியை விட்டார். கதவு சறுக்கியது. அடுத்த வசவு வடிகட்டாமல் நேராக உள்ளே போனது. இன்ஜின் உறுமிப் பிடித்துக்கொண்டது. பரிசோதகரின் கிராப்பு கலைந்தது.

"மேல போனா இவருக்குக் கோவம் தணிஞ்சுருமே?" என்றார் பரிசோதகர்.

"நானும் கூடத்தானுங்க போறேன்," என்றாள் தெய்வாத்தாள்.

அவர் கையெழுத்துப் போட்டார். பிறகு சல்லடையைக் கழற்றித் தட்டினார். அடைத்துக்கிடந்த கெட்ட வார்த்தைகள் சூடாக மேசைமேல் உதிர்ந்தன. ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்.

"இதுல ரெண்டு எடுத்துக்கட்டுங்களா? எங்க மேலதிகாரி வெள்ளிக்கிழமை ரிட்டையர் ஆகறாரு."

நாச்சிமுத்து பெரிதாகப் பார்த்து மூன்று பொறுக்கி, வாழையிலையில் மடித்துக் கொடுத்தார்.